அப்பாவை ஆங்கிலத்தில் காட்டிக் கொடுத்த கதை

புதிதாகச் சைக்கிள் பழகியவர் கடைக்கு நடந்து போகமாட்டார். புதிதாக ஆங்கிலம் பழகியவரும் அப்படித்தான். தேவை இருக்கிறதா இல்லையா என்று பார்க்கமாட்டார். நான் அப்படி ஓட்டிக்கொண்டு போய் என் சொந்த அப்பா மேலேயே ஏற்றினேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஓப்பநாயக்கவுக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து பஸ் ஏறிப் பலாங்கொடைக்கு ஆங்கில டியூஷன் போனேன். சார் தலைப்புத் தலைப்பாகச் சொற்கள் சொல்லித் தருவார். பழங்கள், காலநிலை, சமையலறை எல்லாம் நான் சேரும் முன்பே முடிந்துவிட்டன. நான் போய் உட்கார்ந்த அன்று ஆரம்பித்த தலைப்பு, ஏமாற்றுதலும் கொடுமைப்படுத்துதலும். (கத்தரிக்காய்க்கு ஆங்கிலத்தில் என்னவென்று கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன்.) சீட், டிசீவ், ஸ்விண்டில், எக்ஸ்ப்ளொய்ட், ஹரஸ், புல்லி. நாம் ‘ஏமாத்திட்டான்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதற்கு வெள்ளைக்காரர்களிடம் எத்தனை தினுசு என்று எனக்கு ஒரே பிரமிப்பு. மீதிச் சில்லறை தராத கண்டக்டர் செய்வது ஸ்விண்டில். டிவி ரிமோட்டைப் பிடுங்கும் தம்பி ஒரு புல்லி. வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

அப்பா தோட்டத்தில் கங்காணி. கொழுந்து எடுக்கும் பெண்களை மலையில் மேற்பார்வை செய்வது அவர் வேலை. அந்தப் பெண்களில் பாதிப் பேர் எங்களுக்குச் சொந்தம். அதிலும் ராஜம்மா சின்னம்மா, அம்மாவின் சித்தப்பா மகள். அப்பாவுக்குக் கொழுந்தியா முறை. கொழுந்தியா என்றால் மச்சானை வம்புக்கிழுக்கப் பிறவி உரிமை உண்டு. மச்சான் கோபப்படக்கூடாது. மறுக்கவும் கூடாது. மறுத்தால் ‘ரோசக்காரரு’ என்று பட்டம் கட்டி ஒரு மாதம் ஓட்டுவார்கள். அதனால் அவர்கள் எதைச் சொன்னாலும் அப்பா ஆமாம் போட்டுவிடுவார்.

ஒருநாள் எங்கள் தேயிலையை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா வந்தார். தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று நேரில் கேட்டு எழுதிக்கொண்டு போவது அவர் வேலை. கூடவே மொழிபெயர்க்க ஒரு சிங்கள ஐயா, எங்கள் வழக்கில் மஹத்தயா. தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரையும் பின்னால் நின்றார். நான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில், புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு, தற்செயலாக அங்கே இருந்தேன்.

மஹத்தயா சிங்களத்தில் கேட்டார். பெண்களும் சிங்களத்தில் சரளமாகப் பதில் சொல்லத் தொடங்கினார்கள். எங்கள் பக்கம் எல்லோருக்கும் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் இல்லாததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முன்னால் போய், இவர்கள் தாய்மொழியில் பேசினால்தான் மனதில் உள்ளது வரும், நான் மொழிபெயர்க்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மாவுக்கு மகிழ்ச்சி. அப்பாவுக்கு அதைவிட. மகள் வெள்ளைக்காரியோடு பேசுகிறாள் என்று குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

உங்கள் கங்காணி உங்களை எப்படி நடத்துகிறார் என்பது கேள்வி. ராஜம்மா சின்னம்மா அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

“இந்த மச்சானா? பெரிய ஏமாத்துக்காரருங்க. எங்க அக்காவக் கட்டுறப்ப தங்கச்சிங்க எல்லாத்துக்கும் சீலை வாங்கித் தாறேன்னாரு. என் மகளுக்கே கல்யாணம் முடிஞ்சிருச்சு, இன்னும் ஒரு கைக்குட்டையக் காணோம். இப்ப மலையில வச்சு எங்களச் சக்கையாப் புழியிறாரு.”

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் நடுநிலையாக இருக்கவேண்டும் என்று டியூஷன் சார் சொல்லியிருக்கிறார். அந்த நிமிடம் எனக்கு அப்பாவும் கிடையாது, சின்னம்மாவும் கிடையாது. சீலை என்பது சில்லறை விவரம் என்று விட்டுவிட்டேன். இந்த மனிதர் சகோதரிகள் அனைவரையும் டிசீவ் செய்தார், கல்யாணத்தை வைத்து வாக்குக் கொடுத்து சீட் செய்தார், இப்போது மலையில் எக்ஸ்ப்ளொய்ட் செய்கிறார் என்றேன். வாக்கியம் மொட்டையாக நிற்பதுபோல் தோன்றவே, ஹரஸ் என்பதையும் சேர்த்தேன்.

அந்த அம்மாவின் முகத்தில் சிரிப்பு நின்றது. சகோதரிகள் அனைவரையுமா என்று கேட்டார். அனைவரையும் என்றேன். துரைக்கு வியர்த்தது. இது உண்மையா என்று அந்த ஆளிடமே கேள் என்றார் அந்த அம்மா.

“அப்பா, சின்னம்மா சொல்றது உண்மையான்னு கேக்குறாங்க.”

அப்பா முகமெல்லாம் பல்லாக, “ஆமாங்க, உண்மைதான். ஒருத்திய விடாம எல்லாரையும் ஏமாத்திட்டேன்” என்றார்.

அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

துரை அப்பாவைத் தனியே கூப்பிட்டு, விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம், லயத்து வீட்டுக்குப் போ என்றார். அப்பா திரும்பி என்னிடம் வந்தார்.

“என்னம்மா சொன்ன?” என்று மெதுவாகக் கேட்டார்.

அப்போதுதான் எனக்குத் தமிழ் திரும்பி வந்தது. அழுகையும் வந்தது. அப்பா பதிலுக்குக் காத்திராமல், சாப்பாட்டுப் பொட்டலத்தையும் திறக்காமல், பாதையில் இறங்கிப் போனார். அந்த வேலை போனால் எங்களுக்கு வேறு கதி இல்லை. நான் சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துவிடலாமா என்று பார்த்தால், மன்னிப்புக் கேட்கும் தலைப்பை சார் இன்னும் தொடங்கவில்லை.

விஷயத்தை நான் விக்கி விக்கிச் சொன்னதும் ராஜம்மா சின்னம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு நேரே மஹத்தயாவிடம் போய்ச் சிங்களத்தில் பிடித்தார்.

“அபே மஸ்ஸினானே, மஹத்தயா.”

எங்கள் அக்கா புருஷன்தானே என்ற அந்த ஒரு வரி போதும். அவர் வீட்டிலும் கொழுந்தியாக்கள் இருந்திருக்க வேண்டும். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, வெள்ளைக்கார அம்மாவுக்கு நீளமாக விளக்கினார். அந்த அம்மா முழுதாக நம்பவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் நான் ஸ்விண்டில் வகையா டிசீவ் வகையா என்று யோசித்தது தெரிந்தது. கடைசியில் அப்பாவை வேலையில் விட்டுவைக்கலாம், ஆனால் ஒரு புகார் காதில் விழுந்துவிட்டதால் பெண்களைக் கண்ணியமாக நடத்துவது எப்படி என்ற வகுப்புக்கு அவர் போயாகவேண்டும் என்று முடிவானது.

வீட்டில் என் அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. “வேலியில போன ஓணானப் புடிச்சு அப்பன் மடியிலயே விட்டவ” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இரத்தினபுரிக்குப் போய் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்தார். வகுப்பு எப்படி என்று கேட்டோம். மத்தியானம் கோழி நல்லா இருந்துச்சு என்றார். கையில் தங்கக்கரை போட்ட ஆங்கிலச் சான்றிதழ் ஒன்று இருந்தது. எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை ஆங்கிலத்தில் ஒன்றும் வாங்கியதில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்.

இப்போது நான் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். பழங்களில் தொடங்கித்தான் கற்பிக்கிறேன். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அப்பா அந்தச் சட்டத்தைப் பார்த்து, பெண்ணுடைய சான்றிதழா என்று மரியாதையாகக் கேட்டார். ராஜம்மா சின்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினி அடுப்புப் பக்கம் ஓடினார்.

“இல்லீங்க, அது என்னோடது” என்றார் அப்பா. “மக இங்கிலீஷ் படிச்சு எனக்கு வாங்கிக் குடுத்தது. கொஞ்சம் பாத்து நடந்துக்கங்க, இல்லாட்டி உங்களுக்கும் ஒண்ணு வாங்கித் தந்துருவா.”