தோற்ற அணிக்கு ஒரு ஸ்தோத்திரம்

தூத்துக்குடி,
24.11.2025

மரியாதைக்குரிய மச்சான் கிருபாநிதி அவர்களுக்கு, தங்கள் தங்கை தேவமணியின் வீட்டுக்காரன் ஏசுவடியான் ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். போன புதன்கிழமை எழுதியிருந்தால் இந்த வரி பொய்யாகியிருக்கும். நாசரேத்தில் உங்கள் வீட்டில் ஜெபசுதா அக்காவின் முட்டுவலி தேவலையா?

இப்பவும் நான் எழுதவந்தது, என் மகள் ஷீஜாவுக்கு நீங்கள் பார்த்துச் சொன்ன சம்பந்தத்தைப் பற்றி. மாப்பிள்ளை ஷாம் தங்கமான பையன், துறைமுகத்தில் இன்ஜினியர், அதில் குறையே இல்லை. அவன் அப்பா வேதமணி அண்ணாச்சி மாலத்தீவுக்குத் தோணியில் வெங்காயமும் ஜல்லியும் அனுப்புகிறவர், சபையில் மதிப்புள்ளவர் என்றீர்கள், அதுவும் உண்மை. ஆனால் அவருக்கு இந்தியக் கால்பந்து அணி என்று ஒரு தீராத வியாதி இருப்பதை மட்டும் ஏன் மச்சான் என்னிடம் மறைத்தீர்கள்?

பெண் பார்க்க வந்த அன்று அவர் ஷீஜாவைப் பாடச் சொல்லவில்லை, படிப்பைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, ஐம்பத்தாறு மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நாம் எத்தனையாவது இடம் என்று கேட்டார். முப்பத்து நான்கு வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்த எனக்கு மெல்பர்னின் மழை அளவு தெரியும், இது தெரியவில்லை. நான்காவது இடம் என்று அவரே சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்தார். ஐம்பத்தொன்றில் டெல்லியில் ஆசியத் தங்கம், அறுபத்திரண்டில் ஜகார்த்தாவில் மறுபடியும் தங்கம், எல்லாம் சிவப்பு மையில். அதற்குப் பிறகு நோட்டில் சிவப்பு மைக்கு அதிக வேலை இல்லை. ஐம்பதில் பிரேசில் உலகக் கோப்பைக்கு இடம் கிடைத்தும் நம்மவர்கள் போகாததை அவர் நேற்று நடந்த சாவு போலச் சொன்னார். "கப்பல்ல போக ரொம்ப நாளாகும்னு யோசிச்சாங்களாம் அண்ணாச்சி. தூத்துக்குடிக்கு ஒரு வார்த்த சொல்லிவிட்டிருந்தா எங்க தாத்தா தோணியிலயே கொண்டு விட்டிருப்பாரு" என்றார். இரண்டாயிரத்துப் பதினெட்டில் தெற்காசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மாலத்தீவிடம் தோற்ற வாரம், அந்த ஊருக்கு ஒரு வெங்காயம்கூட ஏற்ற மாட்டேன் என்று தோணியைக் கரையில் நிறுத்திவைத்தாராம். இதை ஷாம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

நாம் வேதக்காரர்கள், நல்ல நேரம் கெட்ட நேரம் பார்ப்பதில்லை என்று வேதமணி அண்ணாச்சி சபையில் அடிக்கடி பேசுவார். ராகுகாலத்தில் தோணி விடுவார், அஷ்டமியில் வீட்டுக்குக் கடக்கால் போடுவார். ஆனால் நிச்சயதார்த்தத்தை மட்டும் இந்தியா ஜெயித்த கையோடு வைக்கவேண்டுமாம், தோற்ற வீட்டில் நல்ல காரியம் கூடாதாம். ஜூன் பன்னிரண்டு என்று தேதி குறித்தோம். பத்தாம் தேதி ஹாங்காங்கில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள். அண்ணாச்சி கதவைச் சாத்திக்கொண்டார். சரி, சிங்கப்பூர்க்காரர்கள் சின்ன ஊர்க்காரர்கள்தானே என்று அக்டோபர் பதினாறு குறித்தோம். பதினான்காம் தேதி கோவாவில் நம் சொந்த மைதானத்திலேயே முதல் கோலையும் போட்டுவிட்டு இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள், ஆசியக் கோப்பையும் கையைவிட்டுப் போனது. இரண்டு வருஷம் முன்பு நூறுக்குள் இருந்த தரவரிசை இப்போது நூற்று நாற்பதைத் தாண்டிவிட்டது. எனக்கு இதெல்லாம் ஏன் தெரிகிறது என்று நீங்கள் கேட்பீர்கள், தெரியாமல் எப்படி மச்சான் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது? ஒவ்வொரு தடவையும் விருந்துக்கென்று தேவமணி வாங்கிவைத்த முந்திரி மக்ரூனை நாங்களே தின்று தீர்த்தோம். ஷீஜா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, "அப்பா, எனக்கு இருபத்தொம்பது ஆச்சு. அவங்க ஜெயிக்கதுக்குள்ள எனக்கு நரைச்சிரும் போல" என்றாள்.

அதனால்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். நவம்பர் இருபத்தொன்று என்று மூன்றாவது தேதி. பதினெட்டாம் தேதி செவ்வாய் இரவு டாக்காவில் வங்கதேசத்தோடு ஆட்டம். எங்கள் சபையில் புதன் காலை ஜெபக்கூட்டத்தில் கர்த்தருக்கு நன்றி சொல்லி எழுதிப்போடும் ஸ்தோத்திரச் சீட்டுகளை உபதேசியார் வாசிப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். சீட்டைச் செவ்வாய் மதியத்துக்குள் பெட்டியில் போட்டுவிட வேண்டும். கிடைப்பதற்கு முன்பே நன்றி சொல்வதுதான் விசுவாசம் என்று முந்தின ஞாயிறுதான் குருவானவர் பிரசங்கம் பண்ணியிருந்தார். சம்பந்தி முதல் வரிசையில் இருப்பார், கேட்டுப் பூரித்துப்போவார் என்று நினைத்து, ஆட்டத்துக்கு முன்பே, காலை பதினொன்றரைக்கே, அணிக்காக ஒரு சீட்டைப் போட்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. நாம் சொல்லக்கூடாத பழமொழிதான், வேறு கிடைக்கவில்லை.

ஒன்றுக்குப் பூஜ்யம். வங்கதேசத்துக்கு ஒன்று. காலை ஆறு மணிக்குப் பெட்டியிலிருந்து சீட்டை எடுத்துவிட ஓடினேன், உபதேசியார் எனக்கு முன்பே சாவியோடு வந்து எல்லாவற்றையும் அடுக்கிவிட்டார். அவருக்குக் கால்பந்தும் தெரியாது, டாக்காவும் தெரியாது. நிறுத்தி நிதானமாக, "டாக்காவில் நம் இந்திய அணிக்குச் செய்த நன்மைகளுக்காக ஏசுவடியான் குடும்பத்தார் தேவனை ஸ்தோத்திரிக்கிறார்கள்" என்று வாசித்தார். சபை ஆமென் சொன்னது. தூங்காத கண்ணோடு உட்கார்ந்திருந்த வேதமணி அண்ணாச்சி எழுந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். மத்தியானம் ஆள் வந்தது. சபை நடுவே கேலி பண்ணுகிற வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று ஒரே சொல். தேவமணி என்னோடு பேச்சை நிறுத்தினாள். ஷீஜா அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள், ராத்திரி சாப்பிடவில்லை. மச்சான், என் கையால் என் பிள்ளையின் வாழ்வை நானே கெடுத்துவிட்டேன் என்று அழுதேன், அதை உங்களிடம் சொல்ல வெட்கமில்லை.

வியாழக்கிழமை அவள் யாரிடமும் சொல்லாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வேதமணி அண்ணாச்சி வீட்டுக்கே போய்விட்டாள். நடந்ததை ஷாம் பிறகு சொன்னான். அண்ணாச்சி முகம் கொடுக்கவில்லையாம். இவள் நின்றபடியே சொன்னாளாம்: "மாமா, ஜெயிச்சா ஊரே நன்றி சொல்லும். தோத்த மறுநாள் காலைல அவங்களுக்காக ஸ்தோத்திரம் சொன்னது எங்க அப்பா ஒருத்தருதான். நீங்ககூடச் சொல்லலையே மாமா." அண்ணாச்சி நோட்டை எடுத்து டாக்கா பக்கத்தைத் திறந்து பார்த்தாராம். அப்புறம், "ஏளா, நான் இத நெனைக்கவே இல்லையே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நோட்டைத் திறந்து காட்டினார். டாக்கா, 0-1 என்பதற்குக் கீழே, 'ஏசுவடியான் ஸ்தோத்திரம் செய்தார்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. சீட்டை எப்போது எழுதினேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். நிச்சயதார்த்தத்தை ஜனவரி மூன்றாம் வாரத்தில் வைத்திருக்கிறோம். மார்ச் வரை அணிக்கு ஆட்டமே கிடையாது, ஆடாதவர்கள் தோற்க முடியாதே. நீங்களும் அக்காவும் இரண்டு நாள் முன்பாகவே வந்துவிட வேண்டும். உங்கள் வீட்டின் மேலும், உங்கள் முருங்கை மரத்தின் மேலும், மூட்டு எலும்புகளின் மேலும் கர்த்தருடைய சமாதானம் தங்குவதாக.

இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள
ஏசுவடியான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஷாம் போன் பண்ணினான். ஜனவரியில் அதே வாரம் உலகத் தரவரிசைப் பட்டியல் வருகிறதாம், ஆடாமலேயே இறங்கவும் வழி இருக்கிறதாம். சம்பந்திக்கு இது ஞாபகமில்லை, ஞாபகப்படுத்த வேண்டாம் என்று ஷீஜா என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். ஆனால் மச்சான், நூற்று நாற்பத்திரண்டிலிருந்து இன்னும் இறங்கினால் அன்றைக்கு எனக்கே ஒரு வாய் மக்ரூன் இறங்காது. தேதியை ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொல்லி நீங்கள் கேட்டதாகச் சம்பந்திக்கு ஒரு கார்டு போடுங்கள். அக்காவின் முட்டுவலியைக் காரணமாகச் சொல்லுங்கள். என் பெயர் வர வேண்டாம்.