முழங்கால் தண்ணீரில் வெள்ளியங்கிரி

மண்டபம் என்ற கடலோர ஊரிலிருந்து வந்த கடிதத்தை வெள்ளியங்கிரி இரண்டு தரம் படித்தார். எழுதியவன் மச்சினன் குமாரசாமி. அங்கே ரயில்வேயில் வேலை.

‘மாமா, லீவுக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கடலுக்குள் குட்டிக் குட்டித் தீவுகள் இருக்கின்றன. கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, வாயில் ஒரு குழாயைக் கடித்துக்கொண்டு குப்புற மிதந்தால் அடியில் திரியும் மீனெல்லாம் தெரியும். உங்களுக்குச் சொல்லவா வேண்டும்! காவேரி வெள்ளத்தையே நீந்திக் கடந்தவர் ஆயிற்றே!’

கடைசி வரிதான் அவரைக் கலக்கியது. புதுச்சத்திரத்தில் எட்டு ஏக்கர் தோட்டமும் அறுபதடிக் கிணறும் வைத்திருந்த வெள்ளியங்கிரிக்கு நீச்சல் தெரியாது. புளுகத் தெரியும். முழுகவும் தெரியும். மிதக்கத்தான் தெரியாது.

கல்யாணமான புதிதில், காவேரிக்கரை மோகனூரில் மாமனார் வீட்டு விருந்தில், ஆடிப் பெருக்கன்று அக்கரைக்கு நீந்திப் போய் வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்பியதாக ஒரு போடு போட்டார். அதைக் கட்டிக் காக்கப் பதினேழு வருடமாகப் பாடுபட்டார். தினமும் விடிந்ததும் துண்டும் கையுமாகக் கிணற்றுக்குப் போவார். கடைசிப் படியில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வார். நீர் சொட்டச் சொட்ட வந்து, “இன்னைக்கு ஏழு சுத்து நீந்துனேன் புள்ள” என்பார். மனைவி சௌந்திரம், “அப்படீங்களா” என்பாள். அதோடு சரி.

கடிதத்தைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

“போலாமுங்க. நான் கடலையே பாத்ததில்லீங்க.”

“தோட்டத்துல வேல கெடக்குது.”

“கோடையில என்னங்க வேல?”

“எனக்குக் காதுல சீழ் வருது. தண்ணியே படக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு.”

“எப்பங்க சொன்னாரு?”

“நேத்து.”

“நேத்து ஞாயித்துக்கெழமைங்க. ஆஸ்பத்திரி பூட்டியிருக்குமே.”

“வழியில பாத்தேன்.”

“செரிங்க. நீங்க கரையில உக்காந்துக்குங்க. நான் மட்டும் எறங்கிப் பாத்துக்கறேன்.”

இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு சந்தோஷமாக ரயிலேறினார்.

தீவு சின்னது. பீடி பற்றவைத்து நடந்தால் பீடி தீருமுன் சுற்றிவிடலாம். படகோட்டி ராயப்பன் அவர்களையும் குமாரசாமியையும் அங்கே இறக்கிவிட்டான். வெள்ளியங்கிரி தாழை நிழலில் துண்டை விரித்துப் படுத்தார். சௌந்திரம் சேலையை வரிந்து கட்டினாள், கண்ணாடியை மாட்டினாள், குழாயைக் கடித்தாள். கண்ணாடி மாதிரி கிடந்த தண்ணீரில் குப்புற விழுந்து, காவேரிக்காரி கணக்காக ஒரே இழுப்பில் போனாள்.

அரைமணி கழித்துத் திரும்பியவள் மூச்சு வாங்கச் சொன்னாள்: “ஏனுங்க, கத்திரிப்பூக் கலர்ல பவளமுங்க! மஞ்சளும் கருப்பும் பட்டை போட்ட மீனு, நம்ம கையில வந்து மோந்து பாக்குதுங்க! பாவம், உங்களுக்குத்தான் காது.”

சாப்பாட்டுக்குப் பின் அவளும் தம்பியும் ராயப்பனோடு சிப்பி பொறுக்க மறுபக்கம் போனார்கள். கண்ணாடியும் குழாயும் மணலில் கிடந்தன. வெள்ளியங்கிரி பார்த்தார். சுற்றிலும் யாருமில்லை. தண்ணீர் முழங்கால் அளவுதான். பட்டை மீனை ஒரு தரம் பார்த்தால் என்ன?

மாட்டினார். படுத்தார். உள்ளே தெரிந்ததைக் கண்டு உடம்பு சிலிர்த்தது. நிசமாகவே ஒரு மீன் மூக்குக்கு நேரே வந்து நின்றது. “அடேங்கப்பா!” என்றார். வாயைத் திறந்ததும் குழாய் நழுவிற்று. அது நழுவிய இடத்தில் கடல் புகுந்தது. கையை அடித்தார், காலை உதைத்தார், எது மேல் எது கீழ் என்று தெரியவில்லை.

“சௌந்திரம்! முழுகறேன்! காப்பாத்து!”

மூன்று பேரும் விழுந்தடித்து ஓடி வந்தார்கள். ராயப்பன் கரையில் நின்று பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னான்:

“ஐயா, எந்திரிச்சு நில்லுங்க.”

எழுந்து நின்றார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. குமாரசாமி தலையைத் திருப்பி வானத்தைப் பார்த்தான். ராயப்பனைக் கூட்டிக்கொண்டு படகுப் பக்கம் போய்விட்டான். வெள்ளியங்கிரிக்குக் காது மடல் எரிந்தது. இரண்டு பஞ்சு உருண்டைகளும் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

“பஞ்சு எப்படி மிதக்குது பாருங்க” என்றாள் சௌந்திரம்.

“எனக்கு நீச்சல் தெரியாது புள்ள.” பதினேழு வருடத்தில் அவர் சொன்ன முதல் நிசம். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“தெரியுமுங்க.”

“எப்ப இருந்து?”

“விருந்து முடிஞ்சு வந்த மூணாம் நாளே. கெணத்துல குதிச்சா ‘தொபீர்’னு கேக்கோணுமுங்க. நம்ம கெணத்துல சொம்புச் சத்தமுல்ல கேக்குது.”

“அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?”

“நீங்க அவ்வளவு பாடுபட்டு மறைக்கறப்ப நான் எப்படிச் சொல்றது? ஊருக்குள்ள நீச்சல் பழகுனா உங்களுக்குக் கூச்சம். இங்கன்னா நம்மள யாருக்குத் தெரியும்? அதுக்குத்தான் தம்பிகிட்டச் சொல்லி அந்தக் கடுதாசிய எழுத வெச்சேன்.”

வெள்ளியங்கிரிக்கு நிமிரவே முடியவில்லை. கடைசி வரிகூட அவள் சொன்னதுதானா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ இளகிற்று. இத்தனை காலமும் மானத்தைக் காத்தது அவரல்ல, அவள்தான்.

சௌந்திரம் கரையில் கிடந்த துணிப்பையைத் திறந்து, பழைய சேலையில் சுற்றியிருந்ததை எடுத்தாள். சுரைப்புருடை. நீச்சல் பழகும் பிள்ளைகள் முதுகில் கட்டிக்கொள்ளும் காய்ந்த சுரைக்காய்க் கூடு. நாற்பத்திரண்டு வயது வெள்ளியங்கிரி திரும்பி முதுகைக் காட்டினார். அவள் கயிற்றை இறுக்கி முடிந்தாள்.

“பாத்துங்க, ஒடச்சுப்போடாதீங்க. பக்கத்து ஊட்டுப் பூவாத்தாகிட்ட எரவல் வாங்குனது.”

அவர் வெடுக்கென்று திரும்பினார். “பூவாத்தாகிட்டயா? யாருக்குன்னு கேட்டிருப்பாளே புள்ள!”

“கேக்கவே இல்லீங்க. ‘அண்ணனுக்குத்தானே, பெரிசாப் பாத்து எடுத்துக்கோ’ன்னா.”