அரைத்தொழில் ஆட்டக்காரர் மாயாண்டி

உலக நாகரிகம் கிரேக்க நாட்டில் பிறந்தது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். பிறந்திருக்கலாம். ஆனால் அது வளர்ந்து ஆளாகி, அரைக்கால்சட்டை மாட்டிக்கொண்டு நின்ற இடம் மலாயாவில் ரந்தாவுக்குக் கொஞ்சம் தள்ளி, எங்கள் ரப்பர் தோட்டத்து மைதானம்தான். ஆண்டு 1952. அவசரகாலம், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு அரசு சண்டையிட்ட காலம். காட்டுக்குள் துப்பாக்கி, ரோட்டில் துப்பாக்கி, தொழிலாளர் லயங்களைச் சுற்றிப் போட்ட முள்கம்பி வேலியோரம் துப்பாக்கி. இத்தனைக்கும் நடுவில் நாங்கள் ஒரு கால்பந்து லீக் நடத்தினோம். அதன் கௌரவச் செயலாளர் அடியேன், பெரிய கிராணி, அதாவது தோட்டத்து ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா, அமிர்தலிங்கம். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்தவன். பந்தை ஒருமுறைகூட உதைத்ததில்லை. செயலாளருக்கு அது தேவையும் இல்லை.

லீக்கைக் கொண்டுவந்தவர் தோட்டத்து வெள்ளைக்கார மேலாளரான துரை. இங்கிலாந்தில் அவருடைய ஊர்ப் பக்கம் அப்படி ஒன்று இருக்கிறதாம். அங்கே ஆடுகிறவர்களில் சிலர் ஆசைக்கு ஆடுகிறவர்கள். மற்றவர்கள் 'அரைத்தொழில்' ஆட்டக்காரர்கள். வாரம் முழுவதும் சுரங்கத்தில் வேலை, சனிக்கிழமை கூலிக்கு ஆட்டம். துரை அந்த லீக்கின் விதிப்புத்தகத்தைத் தபாலில் வரவழைத்து என் மேசையில் போட்டு, "இங்கேயும் அதே மாதிரி வேண்டும்" என்றார். துரை வேண்டும் என்றால் எங்களுக்கும் வேண்டும். ஆறு தோட்டங்கள் சேர்ந்தன. ஆறு தோட்டத்துக் கிராணிகளும் கமிட்டியாகக் கூடித் தேநீர் குடித்தோம்.

கூட்டத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. அரைத்தொழில் ஆட்டக்காரருக்குக் கூலி கொடுக்க லீக்கிடம் எதுவும் இல்லை. கூலி இல்லாவிட்டால் அவர் மற்றவர்களைப்போலத் தினமும் மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுக்க, போகவேண்டும். மரம் வெட்டப் போனால் பயிற்சி எப்போது? கமிட்டி கூரையைப் பார்த்து ஆழமாகச் சிந்தித்தது. நான்தான் எழுந்தேன்.

"அவன்ர நிரையை வெட்ட அவன்ர பெண்சாதி இருக்கிறாள்தானே?"

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நிரை என்பது ஒருவர் ஒரு நாளைக்கு வெட்ட வேண்டிய மர வரிசை. மனைவி தன் நிரையை வெட்டிவிட்டுக் கணவன் நிரையையும் வெட்டினால், செக்ரோல் பதிவேட்டில் அவர் வேலைக்குப் போனவர், மைதானத்தில் அவர் ஆட்டக்காரர், லீக்குக்கு ஒரு காசு செலவில்லை. கால்பந்தைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரனுக்கே இது தோன்றவில்லை என்பதை அடக்கத்தோடு இங்கே குறிப்பிடுகிறேன்.

எங்கள் தோட்டத்தின் அரைத்தொழில் ஆட்டக்காரர் மாயாண்டி. அவர் மனைவி பஞ்சாலை. மாயாண்டியின் நிரை காட்டை ஒட்டியிருந்தது. அங்கே போய்வரப் பஞ்சாலைக்குப் பயம்தான். ஆனால் பயத்தைப் பற்றி விதிப்புத்தகத்தில் எதுவும் இல்லை.

வேலிக் கதவில் ஒரு நல்ல ஏற்பாடு செய்திருந்தோம். வெளியே போகும் ஒவ்வொருவரும் பலகையில் தொங்கும் தன் பெயருள்ள தகர வில்லையை எடுத்துக்கொண்டு போகவேண்டும். திரும்பி வந்ததும் மாட்டவேண்டும். மாலை ஆறு மணிக்குக் கதவைப் பூட்டுவார்கள். அதற்குப் பிறகு வெளியே அசைவது எதுவானாலும் சுடலாம். பஞ்சாலை காலையில் தன் வில்லையோடு போவாள். தன் பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு அதை மாட்டிவிட்டு, மாயாண்டியின் வில்லையை எடுத்துக்கொண்டு மறுபடி போவாள். எல்லாம் முறைப்படி நடந்தது.

இறுதி ஆட்டம் வந்தது. எதிரணி கோலா பிலா பக்கத்துத் தோட்டம். அன்று காலையில் மழை. மரத்தில் ஈரம் காய்ந்து, வெட்டத் தொடங்கவே வெகுநேரம் ஆகிவிட்டது. பகல் சாய்ந்த பிறகுதான் பஞ்சாலை தன் பாலை ஊற்றிவிட்டு ஆபீஸ் வாசலுக்கு வந்தாள்.

"ஐயா, இன்னிக்கி நேரமாயிருச்சிங்க. அவரு நெரையில பால் எடுக்கப் போனா திரும்பி வர்றதுக்குள்ள கதவப் பூட்டிருவாங்க. விட்றட்டுமா?"

"விட்டால் மாயாண்டி இண்டைக்கு வேலைக்கு வராத ஆள். வேலைக்கு வராத ஆள் ஆடேலாது. விதி இருக்கு, விளங்குதோ?"

"நான் வெளிய மாட்டிக்கிட்டா?"

"அதுக்கு விதி இல்லை."

அவள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒழுங்குக்குக் கட்டுப்படும் தொழிலாளர்கள் நம் சமூகத்தின் சொத்து.

ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. துரை பிரம்பு நாற்காலியில். பக்கத்தில் மேசை போட்டு நான். மைதானம் வேலிக்குள்ளேதான் இருந்தது. வடக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால் வேலி, அதற்குப் பின்னால் ரப்பர் மரங்கள். மாயாண்டி முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டார். பிலாக்காரர்கள் ஒன்று திருப்பினார்கள். ஆறு மணி ஆகும்போது கதவுக் காவல் சார்ஜன் என் மேசைக்கு வந்தார்.

"கிராணி, ஒரு வில்லை காணோம்."

"யார்ர வில்லை?"

"மாயாண்டி."

நாங்கள் இருவரும் மைதானத்தைப் பார்த்தோம். மாயாண்டி வலது பக்கமாகப் பந்தை உருட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். ஆள் கண்ணெதிரே இருக்கிறார், வில்லை இல்லை. அப்படியானால் தொலைந்தது வில்லைதான். என் படிப்பு எனக்குக் கைகொடுத்த தருணம் அது.

"வெளியில ஒருத்தரும் இல்லை. பூட்டுங்கோ."

சார்ஜன் பூட்டினார்.

சற்று நேரத்தில் பந்து கோட்டுக்கு வெளியே போனது. மாயாண்டி அதை எறியாமல் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஐயா, பஞ்சாலை வரலிங்க. ரெண்டாவது பாதிக்கி வந்துர்றேன்னு சொல்லுச்சி."

"உன்ர வில்லை துலைஞ்சுபோச்சு. அதுக்கு அபராதம் போட்டாச்சு. நீ போய் ஆடு."

"தொலைஞ்சது வில்லை இல்லிங்க ஐயா. என் பொண்டாட்டி."

"அவளின்ர வில்லை பலகையில தொங்குது. அவள் உள்ளதான் நிக்கிறாள்."

அவர் சார்ஜனிடம் ஓடினார். "ஒரு நிமிசம் தொறங்க, சார்ஜன். காட்டோரத்துல நிக்கிது."

"தாக் போலே, முடியாது. ஆறு மணிக்குமேல துரை சொன்னாத்தான் தொறக்கலாம். அசைஞ்சா சுடணும்னு ஆர்டர்."

மாயாண்டி துரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். துரைக்குத் தமிழில் சொல்லி விளங்காது, சொல்லவேண்டியவன் நான். ஆட்டத்தின் நடுவில் துரையைத் தொந்தரவு செய்யலாமா? லீக் கேடயம் கை நழுவிவிடுமே என்ற கவலை எனக்கு. "ஆட்டம் முடியட்டும்" என்று கையைக் காட்டினேன். நடுவரும் விசில் ஊதி அவரை உள்ளே அழைத்தார்.

ஆட்டம் முடியும் தறுவாயில் பிலாக்காரன் ஒருவன் பந்தைக் கையால் தடுத்துவிட்டான். பெனால்ட்டி. வடக்குக் கோல். ஜனம் முழுவதும் எழுந்து நின்றது. துரையும் எழுந்து நின்றார். மாயாண்டி பெனால்ட்டியைத் தவறவிட்டதே கிடையாது.

அவர் பந்தை வைத்தார். கோலைப் பார்க்கவில்லை, அதற்கு மேலே பார்த்தார். ஓடிவந்து ஓங்கி உதைத்தார். பந்து கம்பத்தைத் தாண்டியது, வேலியைத் தாண்டியது, ரப்பர் மரங்களுக்குள் போய் விழுந்தது.

அது சிங்கப்பூரிலிருந்து துரை வாங்கிவந்த தோல் பந்து. லீக்கில் இருந்தது அது ஒன்றுதான். துரையின் முகம் சிவந்தது. "கதவைத் திற" என்று கத்தினார். தமிழில்தான் கத்தினார். அவருக்கு அவ்வளவு தமிழ் தெரியும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

சார்ஜன் நிமிடத்தில் பூட்டைத் திறந்தார். துப்பாக்கிகளைத் தாழ்த்தச் சொன்னார். மாயாண்டி எல்லாருக்கும் முன்னால் வெளியே ஓடினார்.

"பஞ்சாலை, பந்து தேட வர்றோம். சுடமாட்டாங்க, எந்திரிச்சி வா."

ஒரு மரத்தடியில் கிடந்தவள் எழுந்தாள். கதவு பூட்டியிருந்ததைப் பார்த்து, சுட்டுவிடுவார்கள் என்று படுத்துவிட்டாளாம். ஒரு கையில் பால்வாளி, மறு கக்கத்தில் பந்து. உள்ளே வந்ததும் துரை பந்தை வாங்கி, ஈரமா என்று தடவிப் பார்த்தார். பஞ்சாலை மண் அப்பிய சேலையோடு நேராக என் மேசைக்கு வந்து, இடுப்பு முடிச்சிலிருந்து தகர வில்லையை எடுத்து வைத்தாள்.

"எழுதிக்கிங்க ஐயா. மாயாண்டி இப்பத்தான் வெளிய இருந்து வந்தாரு."

நான் எழுதிக்கொண்டேன்.

மிச்சமிருந்த நேரத்தில் பிலாக்காரர்கள் ஒரு கோல் போட்டுக் கேடயத்தைக் கொண்டுபோனார்கள். மறுவாரம் கமிட்டி அவசரமாகக் கூடியது. ஊரடங்கு நேரத்தில் வேலிக் கதவு திறக்க நேர்ந்ததைக் கமிட்டி மிகுந்த கவலையோடு ஆராய்ந்தது. ஓர் உயிருக்கு ஆபத்து வந்திருக்கக்கூடும் என்று எல்லாரும் பேசினோம். இப்படி ஒரு நிலை இனி எந்தக் காலத்திலும் வரக்கூடாது என்று நானே தீர்மானம் கொண்டுவந்தேன். அது ஏகமனதாக நிறைவேறியது.

இரண்டாவதாக ஒரு பந்து வாங்கினோம்.