தீர்த்து வைத்த சண்டை

"என் இடத்துல நீ எப்படி உட்காரலாம்?"

"முதல்ல வந்தவ நான். நீ எழுந்து போ!"

கதவைத் திறந்த பேராசிரியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய அமைதிக் கல்வித் துறையின் உளவியல் ஆசிரியரும் வரலாற்று ஆசிரியையும் கையில் ஆளுக்கொரு தாளோடு முறைத்துக்கொண்டு நின்றார்கள். பத்து வருடமாக வாங்க, போங்க என்று பேசியவர்கள், இன்று நீ, வா, போ!

அதுவும் இன்றைக்கா? பதினோரு மணிக்குத் தேர்வுக் குழு வருகிறது. புதிய அமைதிக் கல்வி மையத்துக்கு இவரை இயக்குநராக்கலாமா என்று முடிவு செய்யப்போகிறது. முப்பது வருடமாகச் சமாதானம் சொல்லிக்கொடுத்து, அதற்குப் பாடப்புத்தகமும் எழுதியவரின் துறையிலேயே குடுமிப்பிடி என்றால் பதவி அம்போதான்.

"சார், அது வந்து..." என்றார் உளவியல் ஆசிரியர்.

"உஷ்! என் முதல் விதி என்ன? நான் கேட்காம யாரும் வாய் திறக்கக் கூடாது."

மூலையில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த அலுவலக உதவியாளர்கூட வாயைத் திறந்து, பட்டென்று மூடிக்கொண்டார்.

"இல்ல சார், நாங்க சும்மா..." என்றார் ஆசிரியை.

"விதி!" பேராசிரியர் ஆளுக்கொரு வெள்ளைத்தாளை நீட்டினார். "மத்தவர்கிட்ட பிடிக்காததை ஒளிக்காம எழுதுங்க. மனசு லேசாயிடும்."

இவரிடம் யார் மல்லுக்கு நிற்பது? எழுதினார்கள். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு தாள் கிழியக் கிழிய. பேராசிரியர் வாங்கி உரக்க வாசித்தார்.

"'இவங்க பேச ஆரம்பிச்சா கூட்டமே கொட்டாவி விடும்.'"

ஆசிரியையின் முகம் சிவந்தது.

"'இவர் நூலகத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கினதில்ல.'"

"என்னங்க எழுதியிருக்கீங்க?"

"நீங்க எழுதினது மட்டும் தேனா?"

பேராசிரியர் குறுக்கே புகுந்தார். "சரி, சரி, கை குலுக்குங்க!"

குலுக்கினார்கள். யார் முதலில் நெரித்தது என்று தெரியாது. "ஐயோ, என் விரல்!" நாற்காலி சாய்ந்தது. மேசையிலிருந்த தண்ணீர்க் கூஜா உருண்டது. அந்த நேரம் பார்த்து வாசலில் தேர்வுக் குழு. தலைவியின் செருப்பை நனைத்துக்கொண்டு தண்ணீர் வெளியே ஓடியது.

"என்ன சார் இது?"

பேராசிரியர் முந்திக்கொண்டார். "பழைய பகை மேடம். நான் வரும்போதே அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நான்தான் தீர்த்து வச்சுட்டிருக்கேன். வேணும்னா நம்ம உதவியாளரையே கேளுங்க. நீங்க சொல்லுங்க, காலையிலேர்ந்து பாத்தீங்கல்ல?"

கேட்டுவிட்டார் அல்லவா? உதவியாளர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இவங்க உங்க புத்தகத்து நாலாம் பாடத்துல வர்ற நாற்காலிச் சண்டையைக் குழுவுக்கு நடிச்சுக் காட்ட ஒத்திகை பாத்துக்கிட்டு இருந்தாங்க ஐயா. நீங்க தீர்த்து வச்சப்புறம்தான் சண்டையே ஆரம்பிச்சுது."