கரடி கொடுத்த மஞ்சள் கடுதாசி

ஒரு காட்டில், கடன் கேட்டாலும் முகம் சுளிக்காத கரடி ஒன்று தேன்கடை வைத்திருந்தது. பெயர் ராக்கப்பன். பக்கத்து வளையில் வேலப்பன் என்ற முள்ளம்பன்றி. அவனுக்குக் கிழங்கு வியாபாரம். கரடியிடம் இவன் தேன் வாங்கிச் சில்லறையில் விற்பான்; இவனிடம் கரடி கிழங்கு வாங்கும். காசு கைமாறியதே கிடையாது. மாதக் கடைசியில் இரண்டு பேரும் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, "குடத்துக்குக் கூடை சரி" என்று கையைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள்.

ஆனிக் கடைசியில் வேலப்பன் போனபோது கரடி தலையில் கை வைத்திருந்தது.

"இந்த மாசம் வேண்டாம் தம்பி. மனசே சரியில்ல."

"அதுக்கென்னண்ணே, ஆடியில பாத்துக்கலாம். எங்க ஓடிடப் போறோம்?"

ஆடி ஒன்றாம் தேதி கரடி மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது. திவால். பாக்கிகளை வசூலித்துக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க, காட்டரசாங்கம் ஓர் உடும்பை அதிகாரியாகப் போட்டது. பிடித்தால் விடாது என்பதுதான் அதன் படிப்புத் தகுதி.

உடும்பு நேராக வேலப்பன் வளைக்கு வந்தது. உள்ளே நாற்பது கூடை கிழங்கு. அவனும் மனைவி செங்கமலமும் மூன்று குட்டிகளும் மழைக்காலம் முழுக்கச் சாப்பிட வைத்திருந்தது.

"கரடி கடைக்கு நாற்பது குடம் தேன் பாக்கி. கிழங்காவே எடுத்துக்கறேன்."

"சார், அவரும் நாப்பது கூடை தரணும். ஒண்ணுக்கொண்ணு கழிச்சிடுங்க."

"கழிக்கலாமே. சட்டத்துல இடம் இருக்கு."

வேலப்பனின் முள்ளெல்லாம் அப்போதுதான் படிந்தது.

"ஆனா, நீங்க அவருக்கு, அவர் உங்களுக்குன்னு இருக்கணும். தேன் யார் பேர்ல வாங்கினீங்க?"

"என் பேர்ல."

"கிழங்கு பில்?"

வேலப்பன் மூக்கைச் சொறிந்தான். பெண்கள் நடத்தும் தொழிலுக்குப் பாதி மானியம் என்று கேள்விப்பட்டு, கிழங்கு மண்டியைச் செங்கமலம் பெயரில் பதிந்திருந்தான். அவள் அந்த மண்டிக்குள் கால் வைத்ததே இல்லை.

"சம்சாரம் பேர்ல, சார்."

"அப்போ கரடி தரவேண்டியது உங்களுக்கு இல்ல. வேறொரு பெண்மணிக்கு."

"வேறொரு பெண்மணியா! பதினோரு வருஷமா ஒரே வளையில கெடக்கோம் சார்!"

"அது உங்க குடும்ப விஷயம்."

செங்கமலம் எட்டிப் பார்த்தாள். "ஏங்க, 'நீ வேற நான் வேறயா'ன்னு சொல்லித்தானே மானியத்துக்குக் கையெழுத்து வாங்கினீங்க? அதை இவர்கிட்டயும் சொல்லிப் பாருங்களேன்." பிறகு உடும்பிடம் திரும்பினாள். "சரி சார், எனக்கு வரவேண்டியதையாவது குடுங்க."

"படிவத்தை மூணு பிரதி எழுதி வரிசையில நில்லுங்கம்மா. முதல்ல என் சம்பளம். அப்புறம் என் பயணப்படி. அப்புறம் கடையை அடமானம் பிடிச்ச யானை. மிச்சம் இருந்தா நீங்க."

நாற்பது கூடையும் அன்றே போயிற்று. செங்கமலத்தின் பங்கு புரட்டாசியில் வந்தது: சீல் குத்திய காலித் தேனடை ஒன்று. குட்டிகள் சீலையும் சேர்த்து நக்கிவிட்டு, அடுத்து என்ன என்று பார்த்தன.

மழையோடு வேலப்பன் கடன் கேட்கக் கிளம்பினான். ஆற்றோரம் புதுக்கடை ஒன்று. பலகையில் 'பேச்சியம்மாள் தேன், கிழங்கு மண்டி'. கல்லாவில் ராக்கப்பன். பின்னால் வேலப்பனுடைய அதே நாற்பது கூடைகள்.

"அண்ணே! நீங்க திவாலாச்சே?"

"நான் திவால்தான் தம்பி. கடை என் சம்சாரம் பேர்ல. கிழங்கையும் உடும்பு ஏலம் போட்டப்ப அவதான் எடுத்தா." கரடி பாசத்தோடு தோளைத் தொடப் போய், முள்ளைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டது. "குட்டிங்க பட்டினியா? எத்தனை கூடை வேணும்? உனக்குக் கடனுக்கே தரேன். யார் பேர்ல எழுதட்டும்?"

வேலப்பன் ஒரு கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"கடைக்குட்டி பேர்ல எழுதுங்கண்ணே. அது இன்னும் பால்குடி மறக்கல."

நீதி: சொத்தை மனைவி பெயரில் எழுது, கடனைப் பிள்ளை பெயரில் எழுது. உன் பெயர் கல்யாணப் பத்திரிகையோடு நிற்கட்டும்.