கம்ப்ரசர் நின்ற நாளில் நான் பாடிய பாட்டு

பொறாமைப்பட ஒருவனுக்குப் பெரிய காரணம் வேண்டும் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கினால் எனக்கு ஒன்றும் ஆகாது. கூட வேலை பார்ப்பவருக்குச் சம்பளம் கூடினால் ஒரு டீ வாங்கிக் கொடு என்பேன், அத்தோடு சரி. ஆனால் என் எதிரில் ஒருவன் நன்றாகப் பாடி, அதை நாலு பேர் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட்டால் எனக்கு வயிறு எரியும். அன்றைக்குச் சோறு இறங்காது. (மறுநாள் நாஷ்டா இறங்கிவிடும். நானும் மனிதன்தானே.)

என் வயிற்றை எரித்தவன் பெயர் எபினேசர். எளாவூர்க்காரன், என்னைவிடச் சின்னவன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு குழாய் கம்பெனியில் அவன் பேக்கிங், நான் கம்ப்ரசர் ரூம் ஆபரேட்டர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவான், மற்ற நாளெல்லாம் கேன்டீனில் பாடுவான். தட்டு கழுவும்போது அவன் சும்மா முனகினால்கூடப் பக்கத்தில் நிற்பவர்கள் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் கேட்பார்கள். கொஞ்சம் கர்வம் பிடித்தவனாக இருந்திருந்தால் திட்டியாவது மனசை ஆற்றியிருப்பேன். அந்தப் பாவி அதற்கும் வழி வைக்கவில்லை. யார் பாராட்டினாலும், "சும்மா பாடினேன்ணா" என்று வெட்கப்படுவான்.

இதுவரைகூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கூட வேலை செய்யும் ஒருவர் வீட்டுக் காதுகுத்தில் அவன் பாடியதை என் மனைவி தேவகி போனில் பதிவு செய்து, அதையே ரிங்டோனாக வைத்துக்கொண்டாள். அதாவது, நான் என் மனைவிக்குப் போன் செய்தால் என் வீட்டில் எபினேசர் பாடுவான். ஒருநாள் நான் கூப்பிட்டு ரொம்ப நேரம் அவள் எடுக்கவே இல்லை. பயந்துபோய்த் திரும்பக் கூப்பிட்டேன்.

"இன்னா ஆச்சு? போன் எடுக்க மாட்டியா?"

"பக்கத்துலதான் இருந்தேங்க. மேல போய் எறங்குவாரே, அந்த எடம் வரட்டும்னு கேட்டுகினு இருந்தேன்."

அன்று மாலை வீட்டுக்குப் போனதும், "நானும்தான் பாடுவேன்" என்றேன்.

தேவகி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா? எங்க?" என்றாள். நக்கல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், அதுதான் வலித்தது. எனக்கும் பாட வரும் என்று அவள் ஒரே ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், வாழ்க்கையில் வேறொன்றும் வேண்டாம் என்று அந்த நிமிஷம் முடிவு செய்தேன்.

நான் பாடுவது பொய்யில்லை. தினமும் பாடினேன், கம்ப்ரசர் ரூமில். கம்பெனி முழுக்கக் காற்றை அழுத்தி அனுப்பும் அந்த மெஷின் ஓட ஆரம்பித்தால் ஷிஃப்ட் முடியும்வரை "ம்ம்ம்" என்று ஒரே குரலில் இரைந்துகொண்டிருக்கும். உள்ளே போகிறவன் காதில் பஞ்சுபோல ஒரு அடைப்பான் வைத்துக்கொள்ள வேண்டும், அது சட்டம். காதை அடைத்துக்கொண்டு பாடிப் பாருங்கள், உங்கள் குரல் உங்கள் மண்டைக்குள்ளேயே கோயில் மணிபோல முழங்கும். அதோடு அந்த இரைச்சலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நான் பாடியதைக் கேட்டு நானே கண் கலங்கியிருக்கிறேன். (வேறு யாரும் கேட்டதில்லை. அந்தச் சத்தத்தில் வெடி வைத்தாலும் வெளியே கேட்காது.)

ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் அன்றைக்குக் குடும்பத்தோடு வரலாம். பூஜை முடிந்ததும் ஷெட்டிலேயே சின்ன மேடை போட்டு, பாடத் தெரிந்தவர்களைப் பாட வைப்பார்கள். நான் பெயர் கொடுத்தேன். எபினேசரும் கொடுத்திருந்தான் என்று சொல்லத் தேவையில்லை.

கேன்டீனில் அவனே என்னைத் தேடி வந்தான். "ணா, இன்னா பாட்டுணா? கரோக்கி மியூசிக் என் போன்ல கீது. போட்டுத் தரட்டா?"

"கரோக்கிலாம் பாட வராதவங்களுக்குப்பா. நமக்கு எதுக்கு அந்த ஊணுகோலு?" என்றேன். பக்கத்து மேசைக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

"சூப்பர்ணா! எனக்குலாம் அந்தத் தைரியம் வராதுணா" என்றான். மனசாரச் சொன்னான். அதற்கும் எனக்கு எரிந்தது.

அன்று தேவகி பட்டுப்புடவையில் வந்தாள். எங்கள் மகள் யாழினி முன்வரிசையில் பொரிப் பொட்டலத்தோடு உட்கார்ந்தாள். முதலில் எபினேசர் பாடினான். பாட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நான் பாட்டைக் கவனிக்கவே இல்லை. தேவகியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கல்யாண ஆல்பத்தில் ஒரு போட்டோவில்கூட அவள் அப்படிச் சிரிக்கவில்லை. இருடா, வருகிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

என் முறை வந்தது. மைக்கைப் பிடித்து, கண்ணை மூடி, பாட வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஏதோ குறைகிறது என்று பட்டது. ஷெட் முழுக்க நிசப்தம். இத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் நான் கேட்டிராத நிசப்தம். கல்கத்தா ரோட்டில் போகிற லாரியின் ஹாரன்கூடத் துல்லியமாகக் கேட்கிறது. கண்ணைத் திறந்து கம்ப்ரசர் ரூம் பக்கம் பார்த்தேன். என் மெஷின் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு, சாமந்தி மாலை போட்டுக்கொண்டு, கல்யாணப் பெண்போல வாயே திறக்காமல் இருந்தது. அதற்குப் பொட்டு வைத்ததே நான்தான். பொட்டு வைக்கும்போதாவது இது உறைத்திருக்க வேண்டாமா?

சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தேன். முதல் வரி ஒரு சுருதியில் வந்தது, இரண்டாவது வரி அதற்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் இருந்து வந்தது. ஸ்பீக்கரில் யாரோ அடிபட்ட மாதிரிக் கத்துகிறார்களே என்று திரும்பிப் பார்த்தேன். அது நான்தான். காதில் அடைப்பான் இல்லாமல் என் பாட்டை நான் கேட்பது அதுதான் முதல் தடவை. உடனே விரலை எடுத்துக் காதில் சொருகினேன். இன்னொரு கையில் மைக் இருந்ததால் ஒரு காதைத்தான் அடைக்க முடிந்தது. யாழினி பொரியை மெல்வதை நிறுத்திவிட்டாள். தேவகி தரையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

இதற்குப் பிறகு நான் செய்ததை எந்த மடையனும் செய்யமாட்டான். மைக்கிலேயே, மரியாதையாக, மேனேஜரைப் பார்த்துக் கேட்டேன்.

"சார், ஒரு ரெண்டு நிமிஷம் கம்ப்ரசர ஆன் பண்ணிக்கட்டா?"

மேனேஜர் வேட்டி கட்டிக்கொண்டு, கையில் சுண்டல் தட்டோடு நின்றிருந்தார். "முனிரத்தினம், இப்ப எதுக்குக் காத்து?" என்றார்.

"காத்து வேணாம் சார். சத்தம் மட்டும் போதும்."

ஷெட்டே அதிர்ந்தது. சிரிப்பு அடங்கியதும் மேனேஜர், "பூஜ போட்ட மெஷின இன்னைக்குத் தொடக் கூடாதுப்பா" என்று அதற்கும் பொறுப்பாகப் பதில் சொன்னார். பின்னாலிருந்து லோடிங் ஆள் ஒருவர், "நைனா, நாளான்னைக்கு மிஷினு ஓடும், அப்ப வந்து பாடு நைனா!" என்று குரல் கொடுத்தார். இறங்கி ஓடிவிடலாமா, இல்லை மயக்கம் போட்டு விழுந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் எபினேசர் இன்னொரு மைக்கோடு மேடை ஏறினான். என் பக்கத்தில் வந்து நின்று, "பாடுணா" என்று சொல்லிவிட்டு, "ம்ம்ம்" என்று இழுத்தான். அப்படியே என் கம்ப்ரசர்! அதே சுருதி, அதே இரைச்சல், நடுவில் அது லேசாக இருமுமே, அந்த இருமல்கூட! பேக்கிங்கில் நின்றுகொண்டே அதையும் கேட்டு வைத்திருக்கிறான். எனக்குப் போன உயிர் வந்தது. பாடினேன், பரவாயில்லாமலே பாடினேன். முடித்ததும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். எல்லோரும் பார்த்தது எபினேசரைத்தான். பாடினது நான், கைதட்டல் கம்ப்ரசருக்கு. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு முன்னைவிட அதிகமாக எரிந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் தேவகி, "எவ்ளோ நல்ல மனசு பாருங்க அவருக்கு" என்றாள்.

"நானும் பாடினேன் இல்ல?"

"ஆமா, ஆமா. நீங்களும் கூடப் பாடினீங்க" என்றாள்.

இது நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. இன்றைக்கும் வீட்டில் நான் வாய் திறந்து ஒரு வரி பாடினால் போதும், யாழினி ஓடிப்போய் மிக்சியைப் போட்டுவிட்டு, "சுருதி வந்துடுச்சிப்பா, பாடு" என்பாள். தேவகி அந்தச் சாக்கில் சட்னி அரைத்துவிடுவாள். ஆர்.கே.பேட்டையில் இருக்கும் என் மச்சான் வீட்டில்கூட நான் போனால், "மாமா, மிக்சி போடவா, கிரைண்டர் போடவா?" என்றுதான் வரவேற்பு.

எபினேசர் இப்போது குடும்ப நண்பன். பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வருவான், கிறிஸ்துமஸுக்கு நாங்கள் எளாவூர் போவோம். போகிற இடத்தில் எல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறவனும் அவன்தான். நான் ஒற்றைக் காதில் விரலைச் சொருகியது, மேனேஜர் சுண்டலோடு முழித்தது எல்லாவற்றையும் நடித்தே காட்டுவான். கேட்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் ஓரிரு முறை சொல்லிப் பார்த்தேன், சிரிக்க வேண்டிய இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. மானம் போனது என்னுடையது, பேர் மட்டும் அவனுக்கா? அந்த எரிச்சலில்தான் இதை உட்கார்ந்து எழுதினேன். எழுதி முடித்ததும் முதல் வேலையாகத் தேவகியிடம் படிக்கக் கொடுத்தேன்.

முழுக்கப் படித்தாள். ஒன்றிரண்டு இடத்தில் சிரிக்கவும் செய்தாள். பிறகு தாள்களைச் சேர்த்து என் கையில் கொடுத்து, "நல்லாத்தான் கீதுங்க. எபி அண்ணன சத்தமா படிக்கச் சொல்லிக் கேட்டா இன்னும் நல்லா இருக்கும்" என்றாள்.