கண்ணுக்கே தெரியாத ஒரு மாற்றம்

பொதுவில் இருப்பதைப் பொதுவிலேயே விட்டுவைக்க மனம் வராத ஓர் இனம் உண்டு. ஊருக்கெல்லாம் ஒரே கதவு என்றால், தான் நுழைகிற கதவின் கைப்பிடியை மட்டுமாவது திருகிப் பார்க்காவிட்டால் அதற்குத் தூக்கம் வராது. சமீபகாலமாக அது இணையதளம் செய்கிற அலுவலகங்களில் குடியேறியிருக்கிறது.

நம்மவரும் அந்த இனம்தான். அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் 'மெருகு'. அவர்கள் செய்தது ஒரு மருத்துவமனையின் தளம். நாற்பது பக்கத்துக்கும் ஒரே எழுத்து, ஒரே கட்டம், ஒரே பட்டன். பச்சை என்றால் அழுத்தலாம், சாம்பல் என்றால் டாக்டரிடம் இடமில்லை. அந்தப் பொதுத் தொகுப்பைக் கட்டிக் காத்தவர் எதிர்மேசை அக்கா. மெருகின் பங்குக்கு வந்தது கண் மருத்துவப் பக்கம்.

"அக்கா, சின்ன மாத்தம்தான். கண்ணுக்கே தெரியாது."

"கண்ணுக்கே தெரியாதுன்னா எதுக்குப்பா மாத்தறே?"

"நம்ம பக்கத்துக்குன்னு ஒரு முகம் வேணாமா?"

அக்கா விடுப்பில் போனதுதான் தாமதம். மெருகு பட்டனின் மூலையை வளைத்தார், கீழே நிழல் விரித்தார், எழுத்தை இளைக்க வைத்தார், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளித் தலையை இடப்பக்கம் சாய்த்தார், வலப்பக்கம் சாய்த்தார், ஒரு கண்ணை மூடினார், கடைசியில் பச்சையை வழித்தெறிந்துவிட்டு மழை மேகச் சாம்பலைப் பூசினார். அழகோ அழகு! யாரும் அழுத்தவில்லை, அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் அவருடைய சொந்த அக்கா போன் செய்தாள்.

"டேய், உங்க ஆஸ்பத்திரியில கண் டாக்டருக்கு இடமே கிடைக்காதா? நாலு நாளா பாக்கறேன், பட்டன் செத்துக் கிடக்குது. இன்னிக்கு வலது கண்ணைத் திறக்கவே முடியலடா."

மெருகு கையோடு அக்காவை அழைத்துக்கொண்டு ஓடினார். காத்திருக்கும் கூடத்தில் ஓர் ஆள்கூட இல்லை.

"வாங்க வாங்க," என்றார் டாக்டர். "இந்த வாரம் ஊருக்கே கண்ணு நல்லாயிடுச்சு போல, ஈ ஓட்டிட்டிருக்கேன்." கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. "ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க? இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா பார்வை என் கையில இல்ல."

அக்கா தம்பியைப் பார்த்தாள், ஒரு கண்ணால். அதுவே போதுமானதாக இருந்தது.

அன்று மாலையே மெருகு, விடுப்பு முடிந்து வந்திருந்த எதிர்மேசை அக்காவின் முன்னால் உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டுப் பழைய பச்சையை மீட்டார். நிழல் போனது, வளைவு போனது. மெருகு திரையைப் பார்த்தார். தலை மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது.

"அக்கா, இந்தப் பச்சை... ஒரு பொட்டு அடர்த்தியா இருந்தா?"

"எழுந்திரு," என்றார் அக்கா.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, எங்கோ ஒரு வரியில், 'இந்தச் சொல்லை மட்டும் மாற்றியிருந்தால் இன்னும் எடுப்பாக இருந்திருக்கும்' என்று நினைத்தீர்களே, அது யார்?